அடைக்கோழியின் உள்பை

அவருக்கு அடைக்கோழி என்று பெயர் வைத்தது அவருடைய மச்சினன். சட்டைக்குள் பேட்டரிகளைச் செருகிக்கொண்டு, கைகளை மார்போடு கட்டி, மூலையில் குந்தி உட்கார்ந்திருக்கிற ஆளை வேறு எப்படிக் கூப்பிடுவது? மலை ஏற வருகிறவர்களும் அந்தப் பெயரைப் பிடித்துக்கொண்டார்கள். முகத்துக்கு நேரே 'கோழி அண்ணே' என்பார்கள். அவருக்குக் கோபம் வராது. வந்தாலும் அந்தக் குளிரில் அதை வெளியே எடுக்க மாட்டார்.

மரங்கள் முடிந்து வெறும் கல்லும் புல்லுமாகத் தொடங்குகிற இடத்தில் ஒரு சமதளம். அங்கேதான் கூடாரங்கள் போடுவார்கள். அதன் ஓரத்தில் இருந்த தகரக் கொட்டகை அவருடையது. கூரை மேல் சோலார் பேனல்கள், உள்ளே பழைய லாரி பேட்டரிகள், சுவர் நெடுக பிளக் பாயிண்டுகள். பக்கத்திலேயே அவர் மனைவியின் சமையல் கூடாரம். அவள் அடுப்பைக் கவனிக்க, இவர் போன், கேமரா, தலையில் மாட்டுகிற விளக்கு என்று எல்லாவற்றுக்கும் சார்ஜ் ஏற்றிக் கொடுப்பார். பிழைப்பு அவ்வளவுதான்.

அதற்கு முன்னால் கீழே ஊரில் வண்டி பேட்டரிக்கு ஆசிட் ஊற்றுகிற கடையில் வேலை. இடது முழங்கையில் தோல் வெந்து சுருங்கிய தழும்பு இன்னும் இருக்கிறது. கல்யாணம் ஆன கொஞ்ச நாளில் மாமனார் போய்ச் சேர்ந்துவிட்டார். மனைவியோடு அவள் தம்பியும் வீட்டுக்கு வந்தான். மூக்கைச் சிந்தத் தெரியாத வயசு. இவர்களுக்குப் பிள்ளை பிறக்கவில்லை, அவனே பிள்ளையானான். வளர்ந்து மலைக்கு வழிகாட்டியாகப் போனான். இவர்களை மேலே இழுத்து வந்தவனும் அவன்தான்.

"கீழ ஆசிட் நாத்தத்துல கெடந்து இருமறதுக்கு மேல வாங்க மாமா. இங்க வர்றவன் சோறு இல்லன்னா தாங்குவான். சார்ஜ் இல்லன்னா அழுவான்."

அவன் சொன்னது பொய்யில்லை. கூடாரத்தைக் கட்டத் தெரியாதவன் கூட மூன்று விதமான வயர் கொண்டு வருவான். முதுகுப் பைக்கு மேலே மடக்குகிற சோலார் பேனலைக் கட்டிக்கொண்டு, மர நிழலிலேயே நடந்து வந்து, "ஒண்ணுமே ஏறலண்ணே, ஏமாத்திட்டான்" என்று கடைக்காரனைத் திட்டுவான். செங்கல் கனத்துக்குப் பவர் பேங்க் சுமந்து வந்தவன், அதற்கான வயரை வீட்டில் வைத்துவிட்டு வந்திருப்பான். பாதி சார்ஜ் இருந்த போன் பனியில் பட்டென்று அணைந்தால் செத்தே போய்விட்டது என்று முகம் வெளுத்து நிற்பான்.

"சாகல. வெறச்சுப் போயிருக்கு. குடு" என்று வாங்கிச் சட்டைக்குள் போட்டுக்கொள்வார். ஒரு டீ குடித்து முடிப்பதற்குள் அது எழுந்துகொள்ளும்.

அதுதான் அவர் தொழிலின் சூட்சுமம். குளிர்ந்த பேட்டரியை அப்படியே சார்ஜில் போடக் கூடாது. உள்ளே எதுவும் இறங்காமல், நிறைந்துவிட்டது போலச் சீக்கிரமே பச்சை விளக்கைக் காட்டிவிடும். பசியோடு இருக்கிற குழந்தை ஒரு வாய் குடித்துவிட்டுத் தூங்குகிற மாதிரி. அதனால் எதுவாக இருந்தாலும் முதலில் உடம்புச் சூட்டில் கிடக்க வேண்டும், பிறகுதான் மின்சாரம். "பச்சை சீக்கிரம் வந்துச்சுன்னா நம்பாத" என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்வார்.

இதைப் பார்த்துத்தான் மனைவி அவருடைய கம்பளிச் சட்டைகளுக்கு உள்பக்கம் பை தைத்துக் கொடுத்தாள். வலது பக்கம் பெரிதாக, ஊராருக்கு. இடது பக்கம், நெஞ்சுக்கு நேரே, சின்னதாக ஒன்று. அது தம்பியின் வாக்கி டாக்கி பேட்டரிக்கு. அளவெடுத்துத் தைத்தாள், பேட்டரி உள்ளே போனால் அசையாது.

"இதுல வேற எதையும் போடக் கூடாது, சொல்லிட்டேன்" என்றாள்.

"ஏன், வாடகைக்கு விட்ருவனா?"

"நீங்க விடுவீங்க."

மேலே போன் எடுக்காது. கொட்டகை அலமாரியில் இருந்த வாக்கி டாக்கிக்கும் மச்சினன் கையில் இருந்ததற்கும் நடுவில்தான் பேச்சு. அவன் மலையில் இருக்கிற வரைக்கும் அக்காவின் காது அடுப்பில் இருக்காது, அலமாரியில்தான் இருக்கும். அவனிடம் மாற்று பேட்டரி ஒன்று இருந்தது. அது உப்பிப்போய்விட்டது என்று அடைக்கோழியே தூக்கிப் போட்டிருந்தார். புதுசு கீழிருந்து வர வேண்டும்.

அந்த வாரம் மேகம் கலையவே இல்லை. பேனல்கள் பெயருக்குக் கூரையில் கிடந்தன. லாரி பேட்டரிகள் வற்றிப்போய், கொட்டகை முழுக்கச் செத்த போன்கள் குவிந்தன. கூடாரங்களில் இருந்தவர்கள் காலையிலும் மாலையிலும் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள். அதில் ஒருவன் ட்ரோன்காரன். சின்னப் பறக்கிற கேமராவைப் பெட்டியில் வைத்துக்கொண்டு, வானத்தைப் பார்ப்பதும் அடைக்கோழியைப் பார்ப்பதுமாகக் கிடந்தான். நல்ல பையன், பேச்சில் தேன் ஒழுகும்.

"கோழி அண்ணே, வெயில் வந்ததும் மொதல்ல எனக்குத்தான். உங்க கொட்டகைய மேலேருந்து எடுத்துத் தர்றேன். நீங்க எங்க உக்காந்திருக்கீங்கன்னு நீங்களே பாத்ததில்லல்ல?"

உண்மைதான், பார்த்ததில்லை. அது அவர் மனசில் ஒட்டிக்கொண்டது. ஆசிட் கடையில் குனிந்தே பாதி வயசு போனவர். தான் இருக்கிற இடத்தைப் பறவை பார்க்கிற மாதிரி ஒரு தரம் பார்த்தால் என்ன என்று தோன்றியது. பெரிய ஆசை ஒன்றுமில்லை.

ஒரு காலையில் மேகம் விலகி வெயில் சுள்ளென்று அடித்தது. கொட்டகைக்கு முன்னால் கூட்டம் கூடிவிட்டது. அதற்குள் ட்ரோன்காரன் வந்து பேட்டரிகளை நீட்டினான்.

"ஐஸ் மாதிரி இருக்குண்ணே. இப்படியே போட்டா சார்ஜே எடுக்க மாட்டேங்குது. சூடு பண்ணிக் குடுங்க. மேகம் திரும்பறதுக்குள்ள பறக்க விட்றணும்."

வலது பையில் ஏற்கெனவே இடமில்லை. இரண்டை எப்படியோ அதில் திணித்தார். ஒன்று மிச்சம். இடது பை காலியாக இருந்தது. அதில் போட்டார். அளவு ஏறக்குறைய ஒன்றுதான், சரியாக உட்கார்ந்தது.

கொஞ்ச நேரத்தில் மச்சினன் வந்தான். ஆரஞ்சு நிற ஜாக்கெட், பின்னால் கணவனும் மனைவியுமாக இரண்டு பேர். வாக்கி டாக்கி ராத்திரி முழுக்கக் கூடாரத்து வாசலில் பைக்குள் கிடந்திருக்கிறது. பேட்டரியைக் கழற்றி நீட்டினான்.

"என்ன மாமா, முட்டை பொரிஞ்சுதா?"

"ஒனக்குப் பொண்ணு குடுக்க ஆளு வரட்டும், அப்பப் பொரியும். வை அங்க."

"நான் கெளம்பணும். இவங்க வெயில் இருக்கறப்பவே ஏரிய பாக்கணுங்கறாங்க."

"அவசரப்பட்டா எப்படிறா மாப்ள? டீய குடி."

அவன் அக்காவிடம் டீ குடிக்கப் போனான். அடைக்கோழி பேட்டரியைக் கையில் எடுத்துப் பார்த்தார். சில்லென்றிருந்தது. இடது பையைத் தொட்டுப் பார்த்தார். உள்ளே ட்ரோன் பேட்டரி இப்போதுதான் சூடேறத் தொடங்கியிருந்தது. எடுத்தால் மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். சன்னல் கட்டையில் வெயில் விழுந்திருந்தது. வெயில்தான் அடிக்கிறதே என்று, பேட்டரியை அங்கே வைத்து சார்ஜரை மாட்டினார். வெளிச்சம் இருந்ததே ஒழிய அந்தக் கட்டையில் சூடு இல்லை. கை வைத்துப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும்.

மச்சினன் டீ தம்ளரோடு திரும்பி வந்தபோது பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

"அதுக்குள்ளயா?" என்றான்.

அடைக்கோழி பச்சையைப் பார்த்தார். சீக்கிரம்தான். அவருக்கே ஒரு கணம் உறுத்தியது. இத்தனை நாள் கழித்து வந்த வெயில், நன்றாக இழுத்திருக்கும் என்று நினைத்துக்கொண்டார். பின்னால் ஏழெட்டுப் பேர் போனை நீட்டிக்கொண்டு நின்றார்கள்.

"வெயிலு சூப்பரா இருக்குல்ல. எடுத்துட்டுப் போ."

"அக்கா, வர்றேன்" என்று கூடாரத்தைப் பார்த்துக் குரல் கொடுத்துவிட்டு அவன் நடந்தான். பின்னால் வந்த இரண்டு பேருடைய போன்களும் தளும்பத் தளும்பச் சார்ஜோடு இருந்தன. லாரி பேட்டரிகள் வற்றுவதற்கு முன்னாலேயே அவற்றை அடைக்கோழிதான் சட்டைக்குள் வைத்துச் சூடேற்றி, சார்ஜ் ஏற்றிக் கொடுத்திருந்தார்.

ட்ரோன் பறந்தது. தேனீக்கூட்டம் போலச் சத்தம். எல்லாரும் அண்ணாந்து பார்த்தார்கள். அடைக்கோழி வாசலில் நின்று கையாட்டினார்.

மதியம் திரும்புவதற்குள் மேகம் வந்துவிட்டது. இந்த முறை மேலே நிற்காமல் தரையோடு தரையாக இறங்கியது. சமையல் கூடாரம் கொட்டகையிலிருந்து தெரியவில்லை. அலமாரியில் வாக்கி டாக்கி கரகரத்தது.

"மாமா, இந்தம்மாவுக்குக் கால் மடங்கிருச்சு, நடக்க முடியல. ரெண்டு பேர அனுப்புங்க. நாங்க இப்ப..."

அவ்வளவுதான். கரகரப்பும் நின்றது.

"எங்க இருக்க? மாப்ள, எங்க இருக்க?"

பதில் இல்லை. பட்டனை அழுத்தி அழுத்திக் கேட்டார். மனைவி கையில் கரண்டியோடு ஓடி வந்தாள்.

"என்னாச்சு? ஏன் பேச மாட்டேங்கறான்?"

"மேகம்ல, எடுக்கலபோல" என்றார். வாய் அப்படிச் சொன்னதே தவிர, கண் சன்னல் கட்டைக்குப் போனது.

ஏரிக்கு இரண்டு வழி. ஒன்று மேட்டு வழி, இன்னொன்று ஓடை வழி. மற்ற வழிகாட்டிகள் கயிறும் தூக்குப் படுக்கையும் எடுத்துக்கொண்டு கிளம்பினார்கள். கால் மடங்கியது என்றால் மேட்டில்தான் இருக்கும், கல் அங்கேதான் மோசம் என்று அந்தப் பக்கம் ஏறினார்கள். அடைக்கோழியும் போனார். கத்தினார்கள், விசில் ஊதினார்கள். மேகம் எல்லாவற்றையும் விழுங்கியது. இருட்டும் நேரத்தில் வெறுங்கையோடு இறங்கினார்கள்.

மறுநாள் விடிந்ததும் ஓடை வழியில் போனவர்களுக்கு அந்தக் கணவனும் மனைவியும் கிடைத்தார்கள். ஒரு பாறைக்கு அடியில், தூங்கும் பைக்குள், உயிரோடு. மச்சினன்தான் அவர்களை அங்கே ஒதுக்கி உட்கார வைத்து, தன் போர்வையையும் கொடுத்திருக்கிறான். வாக்கி டாக்கி செத்ததும், நானே போய் ஆள் கூட்டிக்கொண்டு வருகிறேன் என்று மேகத்துக்குள் இறங்கியிருக்கிறான்.

"காலைலதான் சார்ஜ் போட்டேன், பச்சை வந்துச்சேன்னு தட்டித் தட்டிப் பாத்தாருங்க" என்றார் அந்தக் கணவர். "எங்க போன் ரெண்டுலயும் சார்ஜ் இருந்துச்சு. சிக்னல்தான் இல்ல. ராத்திரி பூரா டார்ச் அடிச்சுக்கிட்டே இருந்தோம்."

பாறையிலிருந்து கொஞ்சம் கீழே, ஓடை திரும்புகிற பள்ளத்தில் ஆரஞ்சு ஜாக்கெட் தெரிந்தது. பாதி தண்ணீரில் கிடந்தான். தூக்குப் படுக்கையின் தலைப்பக்கம் அடைக்கோழி பிடித்துக்கொண்டார். மற்றவர்கள் மாற்றிப் பிடிக்கக் கேட்டும் அவர் விடவில்லை.

கீழே ஊருக்குக் கொண்டுபோய் எல்லாம் முடித்தார்கள். கூடாரங்கள் காலியாகாமல் அப்படியே கிடந்ததால் இரண்டு பேரும் திரும்பவும் மேலே வந்தார்கள். மனைவி அழுதுகொண்டே வேலை செய்தாள். எல்லாரும் ஆறுதல் சொன்னது ஒரே மாதிரி இருந்தது. பேட்டரி பழசு, விதி, நீங்க என்ன பண்ணுவீங்க. அடைக்கோழி எதற்கும் தலையாட்டவில்லை.

ஒரு பகலில் அவள் ஓடைத் தண்ணீரை வாளியில் வைத்துத் துணி அலசிக்கொண்டிருந்தாள். தேடப் போய் நனைந்து வந்த அன்று கழற்றிப் போட்டிருந்த அவருடைய கம்பளிச் சட்டையை முக்குவதற்கு முன்னால், வழக்கம்போல உள்பைகளைத் தடவிப் பார்த்தாள். இடது பையில் கனமாக ஏதோ இருந்தது. எடுத்தாள். கருப்பாக ஒரு பேட்டரி. தம்பியுடையது இல்லை.

அந்த நேரம் பார்த்து ட்ரோன்காரன் மூட்டை கட்டிக்கொண்டு விடைபெற வந்தான்.

"அக்கா, அண்ணன்கிட்ட என் பேட்டரி ஒண்ணு மாட்டிக்கிச்சு. அட, இதேதான். அன்னிக்குக் காலைல நெஞ்சுக்குள்ள வெச்சுச் சூடு பண்ணாரு. மத்த ரெண்டையும் குடுத்தாரு, கூட்டத்துல இத மறந்துட்டோம்."

கெட்ட எண்ணம் எதுவும் அவனுக்கு இல்லை. போகிற நேரத்தில் நல்லது செய்வதாக நினைத்து, போனை எடுத்து அவள் முன்னால் பிடித்தான். கொட்டகை, கூடாரங்கள், வாசலில் கையாட்டுகிற அடைக்கோழி எல்லாம் பொம்மை போலச் சின்னதாகத் தெரிந்தன. படம் மெதுவாக மேலே போனது. ஓரத்தில், ஓடை வழி பிரிகிற இடத்தில், மூன்று புள்ளிகள் ஓடைப் பக்கமாக நகர்ந்தன. முன்னால் போன புள்ளி ஆரஞ்சு.

அவள் அதைக் கடைசி வரைக்கும் பார்த்தாள். பேட்டரியை அவன் கையில் வைத்தாள்.

"பத்திரமா போய்ட்டு வாப்பா" என்றாள்.

அவன் போனதும் கொட்டகைக்குள் வந்தாள். அடைக்கோழி வயர்களுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தார். ஈரக் கையில் சட்டையைப் பிடித்தபடி நின்றாள்.

"இதுல அது இருந்துச்சே. தம்பியோடது எங்க இருந்துச்சு?"

அவர் நிமிர்ந்து பார்க்கவில்லை.

"சன்னல்ல."

அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று அவர் பின்னால் நினைத்தார். சன்னல் கட்டைக்குப் போய் அதன் மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள். அன்றைக்கும் வெயில் அடித்துக்கொண்டுதான் இருந்தது. கொஞ்ச நேரம் கையை அங்கேயே வைத்திருந்துவிட்டு எடுத்துக்கொண்டாள்.

பிறகு வாசலில் உட்கார்ந்து, பிளேடை எடுத்து, இடது உள்பையின் தையலை ஒவ்வொன்றாக அறுத்தாள். துணி கிழியாமல் அறுத்தாள். பிரிந்த துண்டை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு, சட்டையை அலசிக் கயிற்றில் போட்டுவிட்டு அடுப்புப் பக்கம் போனாள்.

அடைக்கோழி இன்றும் அங்கேதான் இருக்கிறார். வழிகாட்டிகளின் வாக்கி டாக்கி பேட்டரிகளை யாரும் அவரிடம் கொடுப்பதில்லை. அவருடைய மனைவி வாங்கித் தன் இடுப்பில் வைத்துக்கொள்கிறாள். சூடேறியதும் சார்ஜரில் அவளே மாட்டுகிறாள், அவளே கழற்றிக் கொடுக்கிறாள். சாப்பாடு போடுகிறாள். உப்பு போதுமா என்று கேட்பதில்லை.

அவரைக் கோழி அண்ணே என்று கூப்பிடுகிறவர்கள் புதிதாக வருகிறவர்கள்தான். அவர் போன்களை வாங்கி வலது பையில் போட்டுக்கொள்கிறார். இடது பக்கம் கம்பளியில் ஊசித் துளைகள் சதுரமாகத் தெரிகின்றன. குளிர் அந்த வழியாகத்தான் உள்ளே வருகிறது. சட்டையை மாற்றிக்கொள்ளச் சொல்லி ஒரு வழிகாட்டி சொன்னதற்கு, இது போதும் என்றார்.