பன்றிக்குட்டிக்கு ஐநூறு ரூபாய்

விளக்கு வைத்த பிறகு வீட்டிலிருந்து பணம் வெளியே போகக்கூடாது என்கிறார்களே, அது கொடுப்பவர் வீட்டு விளக்கா, வாங்குபவர் வீட்டு விளக்கா? எனக்கு இன்றுவரை தெரியவில்லை.

சிறுதொழில் செய்பவர்களுக்கு வட்டியில்லாமல் கடன் கொடுக்க உதவும் ஓர் இணையதளத்தில்தான் அந்தப் பெண்ணைப் பார்த்தேன். மணிப்பூரில் ஒரு கிராமம். இரண்டு பன்றிக்குட்டிகள் வாங்கி வளர்க்கக் கடன் கேட்டிருந்தார். முன்பின் தெரியாத பலர் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டுத் தொகை நிறைய வேண்டும். கெடுவுக்குள் நிறையாவிட்டால் போட்ட பணமெல்லாம் போட்டவர்களுக்கே திரும்பிவிடும். அவருக்கு ஒரு குட்டியும் கிடையாது.

நான் பத்து நாள் யோசித்தேன். ஏமாற்று வேலையோ? அந்தக் காசில் குழந்தைக்கு ஸ்வெட்டர் வாங்கலாமோ? வாங்கினால் போட்டுக்கொள்வாளா? கடைசி நாள் மாலை ஐந்தரைக்குப் பார்க்கிறேன், இன்னும் ஐநூறு குறைகிறது. ஆறு மணிக்குக் கெடு.

அது கார்த்திகை மாதம். வாசலில் அகல்களுக்கு எண்ணெய் ஊற்றிவிட்டு மாமியார் தீப்பெட்டியைக் கையில் எடுத்திருந்தார்.

“அத்தை, ரெண்டே நிமிஷம் இருங்க. பணம் அனுப்பிட்றேன்.”

“யாருக்கு?”

“மணிப்பூர்ல ஒரு பொண்ணுக்கு. பன்னி வாங்க.”

“கார்த்திகை மாசத்துல பன்னிக்கா?”

அப்போதுதான் வேலையிலிருந்து வந்த என் கணவர் செருப்பைக் கழற்றிக்கொண்டே, “ஏம்மா, அடிமுடி தேடினப்ப பெருமாளே பன்னியா வந்துதான நம்ம ஊரு மலைய தோண்டினாரு?” என்றார்.

“வாய கழுவுடா!”

“ஆனா ஒண்ணு. எங்கூட வேலை செய்றவன் அந்த ஊருதான். அங்க நாலரைக்கே இருட்டிடுமாம். அந்தம்மா வீட்ல விளக்கு வெச்சே ஒரு மணி நேரம் ஆயிருக்கும்.”

என் விரல் அப்படியே நின்றுவிட்டது. நான் யோசித்து முடிப்பதற்குள் வந்திருந்த ஓடிபி காலாவதியானது. மறுபடி கேட்டேன். குழந்தை போனைப் பிடுங்கினாள். மணி ஐந்து ஐம்பத்திரண்டு.

மாமியார்தான் தீர்ப்புச் சொன்னார். “விளக்கு வெச்ச நேரத்துல பணம் வந்தா அவளுக்கு லட்சுமி வந்த மாதிரி. குடுக்கறது நாம. நம்ம வீட்ல இன்னும் வெக்கல. சீக்கிரம் அமுக்கும்மா, எனக்கு நேரமாவுது.”

அமுக்கினேன். தொகை நிறைந்துவிட்டது என்று செய்தி வந்தது. அடுத்த நொடி தீக்குச்சி உரசும் சத்தம் கேட்டது.

இப்போது தினமும் காலையில் காபி குடிக்கும்போது மாமியார், “பன்னிங்க எப்படி இருக்குதாம்?” என்கிறார். பால்காரம்மாவும் கேட்கிறார், ஏனென்றால் அவரிடமும் சொல்லியாயிற்று. தளத்திலிருந்து தவணை வந்த செய்தி வருகிறதே தவிர, பன்றிகளைப் பற்றி ஒரு வரி இல்லை. “ஜாஸ்தி தின்னுதாம்மா, குண்டாயிடுச்சாம்” என்று கணவர் பாட்டுக்கு அளந்துவிடுகிறார்.

அந்தப் பெண்ணுக்கே இரண்டு வரி எழுதலாம் என்று நான்கு முறை தட்டச்சு செய்து அழித்துவிட்டேன். “நலமா? பன்றிகள் நலமா?” என்று கடன் கொடுத்தவள் கேட்டால், பணம் பத்திரமா என்று கேட்பது போலத்தானே இருக்கும்? பாவம், பயந்துவிட மாட்டாரா?

வெறும் நலம் விசாரிப்பு மட்டும்தான் என்று தெரிகிற மாதிரி இதை எப்படி எழுதுவது? உங்களில் யாராவது சொல்லிக்கொடுங்கள்.