வெள்ளையில் நீலக்கோடு

வெள்ளைத் துணியில் நீலக்கோடு போட்ட டாப்ஸ் ஒன்று என்னிடம் இருக்கிறது. கோடுகள் குறுக்காக ஓடும். "குறுக்குக் கோடு குண்டா காட்டும் மேடம், நெடுக்குக் கோடு எடுங்க" என்று கடைப் பெண் சொன்னாள். அவள் சொன்னதற்காகவே குறுக்குக் கோட்டை எடுத்தேன். எனக்கு எது பொருந்தும் என்று அதுவரை அம்மா சொன்னார், பிறகு மாமியார் சொன்னார். இனி கடைப் பெண்ணும் சொல்ல வேண்டுமா என்று வீம்பு.

அப்போதுதான் இந்த ஊருக்கு மாற்றலாகி வந்திருந்தேன். கல்யாண வாழ்க்கையைக் கோர்ட்டில் முடித்துக்கொண்டு, புடவைகளை எல்லாம் அந்த வீட்டு பீரோவிலேயே விட்டுவிட்டு, ஒரு சூட்கேஸோடு வந்தேன். வேலை வேங்கிக்காலில் ஓர் அரசு அலுவலகத்தில். குடியிருப்பது செங்கம் ரோட்டிலிருந்து பிரியும் சந்தில், ஒரு மாடி போர்ஷனில். கீழே வீட்டுக்கார அம்மாவும் அவர் கணவரும் இருந்தார்கள். அந்த அம்மாவுக்கும் எனக்கும் பேச்சு என்றால் இரண்டே விஷயம்தான்: மோட்டார் சுவிட்ச், கேட் தாழ்ப்பாள். மழை வந்தால் மொட்டை மாடிக் கொடியில் கிடந்த என் துணி மடிக்கப்பட்டு மாடிப்படியில் இருக்கும். தன் துணிக்கு இடம் வேண்டி எடுத்துப் போட்டிருப்பார் என்று நினைத்துக்கொள்வேன்.

தனியாக இருப்பவளுக்குச் சாயங்காலம் மிக நீளம். போனில் வீடியோ பார்ப்பேன். ஒரே டாப்ஸை எப்படியெல்லாம் போடலாம் என்று ஒரு பெண் காட்டிக்கொண்டே இருப்பாள். ஒவ்வொரு முறையும் ஒரு சுற்றுச் சுற்றி நின்று, இது அதே டாப்ஸ்தான் என்று யாராலும் கண்டுபிடிக்க முடியாது என்பாள். எனக்கு அந்தப் பைத்தியம் பிடித்துக்கொண்டது.

சித்திரை, வைகாசியில் ஊரை ஒட்டிய மலை, பகலில் வாங்கிய வெயிலை ராத்திரி வரைக்கும் நம் மேல் கொட்டும். அந்த நாட்களில் டாப்ஸின் கையை முட்டி வரை மடித்து, வெள்ளை காட்டன் பேண்ட்டும் மெல்லிய வெள்ளைத் துப்பட்டாவும் போடுவேன். ஐப்பசி மழையில் சேறு தெரியாத கறுப்பு லெகின்ஸ், மேலே பட்டன் போடாத பழைய ஜீன்ஸ் சட்டை. மார்கழிப் பனியில் அரக்கு நிற ஸ்வெட்டருக்குள் போய்விடும். கழுத்தில் மட்டும் ஒரு கோடு எட்டிப் பார்க்கும். திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்துக்கு ஜனங்கள் மனுவோடு நெருக்கியடித்து வருவார்கள், அன்று கறுப்புத் துப்பட்டாவை இரண்டு பக்கமும் பின் குத்தி, டீச்சர் மாதிரி போவேன். அலுவலகத்தில் ஒருவர் வீட்டுப் புதுமனை புகுவிழாவுக்கு மாம்பழ நிறப் பட்டுப் பாவாடையின் மேல் அதைப் போட்டு, பெரிய ஜிமிக்கி மாட்டிக்கொண்டு போனேன். இன்னொருவர் தகப்பனார் இறந்தபோது சாம்பல் நிறத் துப்பட்டாவால் கோடு முழுவதையும் மூடிக்கொண்டு போனேன். ஞாயிற்றுக்கிழமைகளில் ஆசிரமத்துப் பக்கம் ஒரு கபேயில் அதே டாப்ஸும் ஜீன்ஸுமாக உட்கார்ந்து லெமன் டீ குடிப்பேன். சுற்றிலும் வெள்ளைக்காரர்கள் கண்ணை மூடித் தனிமையில் இருக்கப் பழகிக்கொண்டிருப்பார்கள். இதற்கு இவ்வளவு தூரம் வர வேண்டுமா, என் மாடிக்கு வந்தால் போதுமே என்று தோன்றும்.

வீடியோப் பெண் சொன்னது சரிதான். யாரும் கண்டுபிடிக்கவில்லை. எனக்குப் பெருமையாக இருந்தது.

அந்தப் பெருமைக்கு ஆப்பு வைத்தது ஒரு காய்ச்சல். ஐப்பசி மழையில் நனைந்து வந்து படுத்தவள் எழுந்திருக்கவில்லை. தண்ணீர்ச் சொம்பைக் கூட எடுக்க முடியவில்லை. மறுநாள் வீட்டுக்கார அம்மா கதவைத் தட்டி, "டேங்க் ரொம்பிடுச்சாங்க?" என்று கேட்டார். படுத்தபடியே, "ரொம்பிடுச்சுங்க" என்றேன். கொஞ்ச நேரம் செருப்புச் சத்தம் கேட்கவில்லை. பிறகு இறங்கிப் போய்விட்டார். காய்ச்சல் விட்டு அலுவலகம் போனபோது பக்கத்து மேஜைக்காரர் நிமிர்ந்து பார்த்து, "லீவுல இருந்தீங்களா மேடம்? நான் கவனிக்கலையே" என்றார். நல்ல மனிதர், ஒளிவு மறைவு தெரியாதவர்.

அன்றைக்கு ஒரு பயம் வந்து உட்கார்ந்தது. நான் ஒருநாள் வீடு திரும்பாவிட்டால் அது யாருக்குத் தெரியும்? காலையில் கதவைப் பூட்டும்போது 'போயிட்டு வரேன்' என்று சொல்ல ஆளில்லை. சொல்லாமல் போகிறவளை யார் எதிர்பார்ப்பார்கள்? டாப்ஸை யாரும் கண்டுபிடிக்காததற்கு என் சாமர்த்தியம் காரணமே இல்லை என்று அப்போதுதான் உறைத்தது. யாரும் என்னைப் பார்க்கவே இல்லை.

அந்த எண்ணம் பங்குனி வரைக்கும் என்னை விடவில்லை. பார்த்துவிடலாம் என்று ஒரு திங்கட்கிழமை அந்த டாப்ஸை எந்த அலங்காரமும் இல்லாமல், கறுப்பு லெகின்ஸும் கறுப்புத் துப்பட்டாவுமாகப் போட்டுக்கொண்டு போனேன். சாயங்காலம் துவைத்துக் கொடியில் போட்டால் பங்குனிக் காற்றில் உடனே காய்ந்துவிடும். செவ்வாயும் அதே. புதனும் அதே. இஸ்திரி கூடப் போடவில்லை. என்ன மேடம், வேறு துணி இல்லையா என்று யாராவது ஒருவர் கிண்டல் செய்தால் போதும், அவருக்கு டீ வாங்கிக் கொடுத்திருப்பேன். வியாழக்கிழமை பக்கத்து மேஜைக்காரர் என்னை உற்றுப் பார்த்தார். கேட்கப் போகிறார் என்று பேனாவைக் கீழே வைத்தேன். "மேடம், ஸ்டேப்ளர் இருக்கா?" என்றார்.

வெள்ளிக்கிழமை பௌர்ணமி. கிரிவலக் கூட்டத்தில் பஸ்ஸும் ஆட்டோவும் செங்கம் ரோட்டுப் பக்கம் வராது. மற்ற பௌர்ணமிகளில் பொழுதோடு கிளம்பி வந்து கதவைச் சாத்திக்கொள்வேன். அன்று வேலை முடியத் தாமதமாகிவிட்டது. டவுனில் இறங்கி, வலம் போகும் ஜனத்தோடு ஜனமாக வீட்டுக்கு நடந்தேன். பொழுது சாய்ந்திருந்தது. குடும்பம் குடும்பமாகப் போனார்கள். தொலைந்துவிடக் கூடாதென்று ஒருவர் துண்டை ஒருவர் பிடித்துக்கொண்டு, பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டு, திட்டிக்கொண்டு. அவ்வளவு கூட்டத்தில் என் கையை மட்டும் எங்கே வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

பௌர்ணமி தோறும் போலீஸ் மைக்கில் காணாமல் போனவர்களை அறிவித்துக்கொண்டே இருப்பார்கள். என் மாடியில் உட்கார்ந்தே எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன். பச்சைப் புடவை, காவி வேட்டி, சிவப்பு கவுன். அன்று கேட்டது இது: ஒரு பெயர், பிறகு, "வயது நாற்பத்தைந்து, கண்ணாடி அணிந்தவர், வெள்ளையில் நீலக்கோடு போட்ட டாப்ஸ், கறுப்புத் துப்பட்டா. எங்கிருந்தாலும் உடனடியாகக் காவல் உதவி மையத்துக்கு வரவும். உங்கள் மகள் காத்திருக்கிறார்."

என் பெயர் அதுவல்ல. எனக்கு மகளும் கிடையாது. ஆனாலும் கால் நின்றுவிட்டது. பக்கத்தில் வந்த ஒரு பெண் என்னை மேலும் கீழும் பார்த்தார். "ஏம்மா, உன்னத்தான் கூப்புடறாங்க. காதுல வுழலையா?"

"நான் இல்லைங்க. நான் இந்த ஊர்தான்."

"கோடு போட்ட டாப்ஸு, கண்ணாடி, எல்லாம் சரியாத்தானே கீது. பொண்ணோட சண்டையா? வா, வா. புள்ள அழுதுக்கினு நிக்கும்."

அவர் கூட வந்தவர்கள் எல்லோரும் சேர்ந்துகொண்டார்கள். பாவம், மனசு சரியில்லை போல என்று ஒருவர் சொன்னது என் காதிலேயே விழுந்தது. எவ்வளவு மறுத்தாலும் கேட்கவில்லை. அந்தப் பெண் என் கையைப் பிடித்து நடத்திக்கொண்டு போனார். உண்மையைச் சொல்கிறேன், பாதி வழியில் மறுப்பதை நிறுத்திவிட்டேன். அந்தக் கை சூடாக இருந்தது.

உதவி மையப் பந்தலில் போலீஸ் மேஜையருகே கல்லூரிப் பெண் ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். கூட்டத்தின் இடையில் என் டாப்ஸைப் பார்த்ததும் துள்ளி எழுந்தாள். பிறகு முகத்தைப் பார்த்தாள்.

"இது எங்க அம்மா இல்ல" என்றாள்.

அழைத்து வந்தவர் என் கையை விட்டுவிட்டார். மைக் பிடித்திருந்த பெண் போலீஸ் என்னைப் பார்த்து, "அப்ப நீங்க யாரும்மா? உங்களயும் யாராவது தேடுறாங்களா? அனவுன்ஸ் பண்ணணுமா?" என்றார். அக்கறையாகத்தான் கேட்டார்.

"இல்லைங்க. என்னை யாரும் தேடலை" என்றேன். சொல்லி முடித்ததும் அழுகை வந்தது. துப்பட்டாவால் கண்ணாடியைத் துடைப்பதுபோல் சமாளித்தேன்.

அதற்குள் அந்தக் கல்லூரிப் பெண்ணின் அம்மா மூச்சு வாங்க வந்து சேர்ந்தார். அவர் டாப்ஸில் இருந்தது நீலக்கோடே இல்லை, பச்சை. கோடும் நெடுக்குக் கோடு. "காலைல இருந்து கூடவே வரேன், என்னா கலருன்னு கூடவா பாக்கல?" என்று மகள் தோளில் ஒன்று வைத்தார். மகள் சிரித்துக்கொண்டே அழுதாள். பெற்ற மகளே இப்படி என்றால் ஸ்டேப்ளர் கேட்டவரை நான் என்ன சொல்வது?

நான் பந்தலை விட்டு வெளியே வந்தேன். எதிரே நைட்டியின் மேல் துண்டைப் போட்டுக்கொண்டு, கூட்டத்தை இடித்துத் தள்ளியபடி ஒருவர் ஓடி வந்துகொண்டிருந்தார். எங்கள் வீட்டுக்கார அம்மா. காலில் செருப்பு இல்லை. என்னைப் பார்த்ததும் அப்படியே நின்று இடுப்பில் கை வைத்துக்கொண்டார்.

"என்னாங்க இது, இந்த ஊர்லயே இருந்துக்கினு எங்கங்க காணாம போனீங்க?"

"அது நான் இல்லைங்க, வேற யாரோ. பேர் கூட வேற சொன்னாங்களே."

"உங்க பேரு எனக்கு எங்க தெரியும்? அது அக்ரிமெண்ட்ல கீது, அக்ரிமெண்ட் அவரு பீரோவுல கீது. எனக்கு டாப்ஸுதான் தெரியும். நீலக்கோடுன்னு மைக்ல சொன்னதும் அடுப்ப அணைச்சிட்டு ஓடியாந்தேன். யாரோ பொண்ணு தேடுதுன்னாங்க. உங்களுக்குப் பொண்ணு கீதா இல்லியான்னு கூட எனக்குத் தெரியல."

அவர் விடவில்லை.

"மழையோ வெயிலோ, அது ஒண்ணுதான் கொடியில ஜாஸ்தி தொங்கும். இந்த வாரம் தெனம் அதே காயுது. என்னாச்சோ இந்தம்மாவுக்கு, கேக்கலாமா வேணாமான்னு ரெண்டு நாளா யோசிக்கிறேன். அன்னிக்குக் காய்ச்சல்ல படுத்திருந்தீங்களே, அப்பவும் டேங்க்குன்னு கேட்டேன். வேற எப்படிக் கேக்கறது? நீங்கதான் மூஞ்சி குடுத்துப் பேச மாட்டீங்களே."

ஸ்வெட்டர், பாவாடை, ஜிமிக்கி என்று நான் செய்த ஜோடனை எல்லாம் என் உடம்பில்தான். கொடியில் அந்த டாப்ஸ் எப்போதும் தனியாக, உள்ளபடி தொங்கியிருக்கிறது. இது எனக்குத் தோன்றவே இல்லை. நனையாமல் அதை மடித்து வைத்த கையைப் பற்றியும் நான் நல்லபடியாக நினைத்ததில்லை.

வீடு வரைக்கும் அவர் முன்னால், நான் பின்னால். கூட்டம் நெருக்கும்போது நைட்டி மேல் கிடந்த துண்டின் நுனியைப் பிடித்துக்கொண்டேன். அவர் திரும்பிப் பார்க்கவில்லை. கேட்டைத் திறந்துகொண்டே, "இனிமே எங்க போனாலும் ஒரு வார்த்த சொல்லிட்டுப் போங்க" என்று மட்டும் சொன்னார்.

அதற்காகப் பெரிய சிநேகம் ஒன்றும் வந்துவிடவில்லை. மாடியில் சாயங்காலம் இன்னமும் நீளம்தான். மோட்டாரை யார் அணைப்பது என்பதில் இன்னமும் முணுமுணுப்பு உண்டு. ஆனால் மறுவாரம் திங்கட்கிழமை படியிறங்கியவள் அவர் வாசலில் நின்றேன். உள்ளே குக்கர் சத்தம். தொண்டையைச் செருமிக்கொள்ள வேண்டியிருந்தது. அந்த வார்த்தையைச் சொல்லி எவ்வளவோ காலமாகியிருந்தது.

"போயிட்டு வரேங்க" என்றேன்.

"ஆங், வாங்க" என்று அடுப்பங்கரையிலிருந்து குரல் வந்தது.