அரைக்கிராப்பு வீட்டு மாடியில் சூரியன்

அந்தத் தெருவில் யார் வந்து எந்த வீட்டுக்கு வழி கேட்டாலும், பதில் அரைக்கிராப்புக் கடையிலிருந்துதான் தொடங்கும். கடைக்கு எதிரே, கடைக்கு நாலு வீடு தள்ளி, கடையைத் தாண்டினதும் இடது கைப் பக்கம். கடை முகப்பில் கொட்டை எழுத்தில் வேறொரு பெயர் எழுதியிருக்கிறது. அதை இதுவரை யாராவது படித்திருக்கிறார்களா என்பது முடிதிருத்தும் கடைக்காரருக்கே சந்தேகம்.

பெயர் வந்த கதை சின்னது. கடை திறந்த புதிதில் ஒருவருக்கு வலது பக்கம் மெஷின் ஓட்டி முடித்து இடது பக்கம் வரும்போது கரண்ட் போய்விட்டது. பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதென்று அந்த ஆள் கழுத்துத் துணியை உருவிப் போட்டுவிட்டு ஓடினார். பஸ்ஸில் அவருக்கு வலப்பக்கம் நின்றவர்கள் ஒரு ஆளையும் இடப்பக்கம் நின்றவர்கள் வேறு ஆளையும் பார்த்தார்கள். இறங்குவதற்குள் எந்தக் கடை என்ற விசாரணை முடிந்துவிட்டது. அன்றிலிருந்து கடைக்காரர் அரைக்கிராப்பு.

கத்தரி பிடிப்பதில் அவரைக் குறை சொல்ல முடியாது. ஆனால் ஒரு பக்கத்தை மெஷினால் ஒட்ட வழித்த பிறகு, மறுபக்கத்தைக் கத்தரியால் அதே அளவுக்குக் கொண்டுவர எந்தக் கையாலும் ஆகாது. அதனால் பேட்டரி வாங்கி வைத்தார். வயதான பிறகு அது அவசரத்துக்கு உதவாத சொந்தக்காரர் மாதிரி நடந்துகொண்டது. கரண்ட் இருக்கும்போது பச்சை விளக்கு, போனதும் ஒரு முனகல், அவ்வளவுதான்.

எனவே வீட்டு மாடியில் சோலார் பேனல் போடுவதென்று முடிவாயிற்று. கீழே தெருவைப் பார்த்த அறை கடை, பின்னால் வீடு, மேலே மொட்டைமாடி. கரண்ட் செலவு குறையும் என்பது மனைவி சொன்ன காரணம். அவர் மனதில் இருந்தது ஒன்றே ஒன்று. அந்தப் பெயர் ஒழிய வேண்டும்.

மனைவி பள்ளிக்கூடத்தில் விளையாட்டு ஆசிரியை. கேட்ட கேள்விக்கு நேரான பதில் வாங்காமல் எதிராளியை மைதானத்தை விட்டு அனுப்ப மாட்டார். பேனல் பொருத்த வந்தவரிடம் அவர் கேட்டதும் ஒரே கேள்விதான்: தெருவில் கரண்ட் போனால் இது என்ன ஆகும்? பேனல்காரர் ஒளிக்காமல் சொன்னார். இது பேட்டரி இல்லாத வகை. வீட்டுக்குப் போக மிஞ்சிய மின்சாரம் தெரு லைனுக்குப் போய்விடும். லைனில் கரண்ட் இல்லையென்றால் இதுவும் தானாக நின்றுவிடும். இதைக் கடைக்காரரிடமும் சொன்னார். கடைக்காரர் அப்போது ஒருவருடைய பிடரியில் மெஷின் ஓட்டிக்கொண்டிருந்தார். சத்தத்தில் தலையை மட்டும் ஆட்டினார்.

அன்று சாப்பிடும்போது மனைவி மறுபடியும் நினைவுபடுத்தினார்.

"அவர் சொன்னது காதுல விழுந்துச்சா? கரண்ட் போனா இதுவும் போயிடுமாம்."

"அது ராத்திரிக்குச் சொல்லியிருப்பார். பகல்ல எப்படிப் போகும்? மேல சூரியன் இருக்கே."

மனைவி, கழுத்தில் தொங்கிய விசிலை ஒருமுறை பார்த்துவிட்டுத் தட்டை எடுத்துக்கொண்டு போனார். கடைக்காரர் மறுநாளே பழைய பேட்டரியை எடைக்குப் போட்டார். சார்ஜில் ஓடும் சின்ன மெஷின் ஒன்று இருந்தது, அதையும் மச்சானுக்குத் தூக்கிக் கொடுத்தார். இனி அதெல்லாம் எதற்கு?

பேனல்கள் வந்தபின் மனிதர் தரையில் நடக்கவில்லை. காலையில் மாடிக்குப் போய், வாடிக்கையாளர் தலையை நனைக்கும் அதே பாட்டிலால் பேனல்களுக்குத் தண்ணீர் பீய்ச்சி, கடைத் துண்டால் துடைத்தார். வழுக்கைத் தலை மாதிரி மின்ன வேண்டும் என்பது அவர் வைத்துக்கொண்ட அளவு. மேகம் வந்தால் முகம் சுருங்கும். நாற்காலியில் உட்காருகிறவர்களிடம் போனைத் திறந்து, எத்தனை யூனிட் வருகிறது என்று காட்டாமல் மெஷினைத் தொடுவதில்லை. உங்கள் தலையை இப்போது சூரியன்தான் வெட்டுகிறது என்பார். வெட்டிக்கொள்ள வந்தவர்கள் லேசாக நெளிவார்கள்.

இப்படி இருக்கையில் ஒரு சனிக்கிழமை, உச்சிவெயில் நேரத்தில் லைன்மேன் வந்து உட்கார்ந்தார். மின்வாரியத்தில் வேலை பார்க்கும் இளைஞர். அன்று சாயங்காலம் ஆபீஸில் அடையாள அட்டைக்குப் படம் எடுக்கிறார்களாம். காதைச் சுற்றி ஒட்ட வழித்து, மேலே மட்டும் விடச் சொன்னார். கடைக்காரர் யூனிட் கணக்கைக் காட்டினார். வலது பக்கத்தை முடித்தார். நாற்காலியைச் சுழற்றினார்.

மெஷின் நின்றது. ஃபேன் நின்றது. ரேடியோ பாதிச் சொல்லில் நின்றது.

கடைக்காரர் சுவிட்சைத் தட்டினார். வேறு பிளக்கில் மாட்டினார். பிறகு மாடிக்கு ஓடினார். மேலே கண்ணைத் திறக்க முடியாத வெயில். பேனல்கள் எல்லாம் காலையில் துடைத்த பளபளப்போடு படுத்திருந்தன. ஒன்றைத் தட்டிக்கூடப் பார்த்தார். அவர் இறங்கி வரும்போது மனைவி படிக்கட்டடியில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"மேல சூரியன் இருக்கா?"

கடைக்காரர் கடைக்குள் போய், சின்ன மெஷினை வாங்கிக்கொண்டுபோன மச்சானுக்குப் போன் போட்டார். மச்சான் அந்த மெஷினால் வீட்டு நாய்க்கு முடி வெட்டிக்கொண்டிருந்தார். வேண்டுமானால் கழுவிக் கொடுக்கிறேன் என்றார். லைன்மேன் கண்ணாடியில் தன் இரண்டு பக்கங்களையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இவ்வளவு வெயில் அடிக்குது தம்பி, பாழாப்போனது ஏன்தான் நின்னுச்சோ."

"நல்லவேளை நின்னுச்சுண்ணே," என்றார் லைன்மேன். "லைன்ல உயிர் இல்லைன்னு நம்பித்தானே நான் கம்பியில கை வைக்கிறேன். அந்த நேரம் உங்க மாடியில இருந்து கரண்ட் கிளம்பி வந்துச்சுன்னா, எனக்கு முழுக்கிராப்பு ஆயிடும்."

கடைக்காரர் அப்போதுதான் உட்கார்ந்தார். பேனல்காரர் சொன்னதும், மனைவி சொன்னதும், தான் தலையாட்டியதும் அவர் நினைவுக்கு வந்தன.

அவர் உட்கார்ந்து முடிப்பதற்குள் லைன்மேனின் போன் அடித்தது. தெருமுனையில் உயரமாகச் சாமான் ஏற்றி வந்த லாரி கம்பியை இழுத்து அறுத்துவிட்டதாம். பக்கத்தில் இருப்பது நீதான், உடனே வா. லைன்மேன் துணியை உருவிவிட்டு ஹெல்மெட்டை எடுத்தார். கடைக்காரருக்குப் பழைய பஸ் கண்முன்னே வந்து நின்றது.

"அந்த ஹெல்மெட்டை மட்டும் கழட்டிடாதீங்க தம்பி. உங்க காலைப் பிடிச்சுக் கேக்கறேன்."

"காலைப் பிடிக்காதீங்கண்ணே, கம்பத்துல ஏறணும்."

தெருமுனையில் கூட்டம் கூடிவிட்டது. கரண்ட் இல்லாத வீட்டில் உட்கார்ந்திருப்பதைவிட, கரண்ட் வருவதைப் பார்ப்பது எவருக்கும் மேல். கடைக்காரர் கூட்டத்தின் பின்னால், ஒரு மோட்டார் சைக்கிளுக்கு அந்தப் பக்கம் நின்றார். மேலே வேலை மும்முரமாக நடந்தது. ஹெல்மெட் அசையவில்லை. கம்பி பூட்டியாயிற்று. லைன்மேன் இறங்கினார். வெயிலில் வெந்த மனிதர், வேர்வை கண்ணில் இறங்க, தன்னை மறந்து ஹெல்மெட்டைக் கழற்றினார்.

தெருவே சிரித்தது. வலப்பக்கம் நின்றவர்கள் இடப்பக்கம் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். எந்தக் கடை என்று யாரும் கேட்கவில்லை. கேட்க வேண்டிய அவசியம் இல்லை. கடைக்காரர் மோட்டார் சைக்கிளின் கண்ணாடியில் தன் முகத்தைப் பார்த்தபடி நின்றார்.

லைன்மேன் தலையைத் தடவிப் பார்த்துக்கொண்டார்.

"சிரிங்க, சிரிங்க. மீதியையும் வெட்டிட்டு வர்றேன்னு நான் உட்கார்ந்திருந்தா, இந்நேரம் எல்லாரும் என்னைத் திட்டிக்கிட்டு இருப்பீங்க. வாங்கண்ணே, படத்துக்கு நேரமாச்சு."

கடைக்காரரின் தோளில் கை போட்டுக்கொண்டு, ஹெல்மெட்டைக் கக்கத்தில் இடுக்கியபடி, தெரு முழுக்கப் பார்க்க அவர் நடந்தார். கடையில் ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது. இடது பக்கத்தை முடிக்க ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. அடையாள அட்டையில் அவர் படம் நன்றாகவே வந்திருக்கிறது.

பேட்டரியோடு ஓடும் வகைக்கு மாற்றுவது பற்றிப் பேனல்காரர் மறுபடி வந்து சொன்னார். இந்த முறை கடைக்காரர் மெஷினை நிறுத்திவிட்டுக் கேட்டார். மனைவியையும் பக்கத்தில் வைத்துக்கொண்டார். மழைக்காலம் முடிந்ததும் மாற்றுவதாக இருக்கிறார்கள்.

பெயர் ஒழியவில்லை. ஆனால் பங்கு பிரிந்துவிட்டது. லைன்மேன் நாலு பேட்டைக்குக் கம்பம் ஏறுகிறவர். அங்கெல்லாம் அவர்தான் இப்போது அரைக்கிராப்பு. கடையில் அவர் உட்கார்ந்திருக்கும்போது வாசலில் நின்று யாராவது அப்படிக் கூப்பிட்டால் இரண்டு பேரும் திரும்புகிறார்கள்.

தெருவில் பராமரிப்பு வேலை இருக்கும் நாளில், ஃப்யூஸைப் பிடுங்குவதற்கு முன்னால் கடைக்கு ஒரு போன் வருகிறது.

"அண்ணே, யார் தலையாவது பாதியில இருக்கா?"

கடைக்காரர் நாற்காலியைப் பார்க்கிறார்.

"ஒரு காது பாக்கி இருக்கு தம்பி. ரெண்டு நிமிஷம் பொறுங்க."