வாசலோரத்து இடம்

மீன் நாறும், மிளகாய் நாறாது. என் அம்மா அப்படித்தான் கணக்குப் போட்டாள். நான் பெண்கள் கல்லூரியில் இண்டர்மீடியட் சேர்ந்த வருஷம் அது. கல்லூரிச் சம்பளத்துக்குச் சலுகை கிடைத்துவிட்டது. டிராமுக்கும் புத்தகத்துக்கும் கிழியாத புடவைக்கும் யார் சலுகை தருவார்கள்? அப்பா காய்ச்சலில் போனதிலிருந்து அம்மா ராயபுரம் கரையில் மீன் எடுத்துத் தெருத்தெருவாகக் கூவி விற்றுக்கொண்டிருந்தாள். காலையில் நானும் ஒரு கூடையைத் தூக்கிக்கொண்டு வண்ணாரப்பேட்டைப் பக்கம் ஒரு சுற்று சுற்றி வந்தால் என்ன என்று கேட்டேன். அம்மா ஒப்பவில்லை.

"மீன் கவிச்சியோட அந்தப் பொண்ணுங்க பக்கத்துல போய்க் குந்துனா மூக்கைப் புடிச்சிகினு எழுந்து போவாளுங்க. மிளகா மண்டில ஆள் எடுக்கறாங்களாம். மிளகா இன்னா நாறவா போவுது?" என்றாள்.

மிளகாய் நாறவில்லை என்பது உண்மைதான். அது செய்த வேலை வேறு.

மண்டி தண்டையார்பேட்டையில், ரயில் பாதையை ஒட்டி இருந்தது. தகரக் கூரை போட்ட நீளமான கிடங்கு. ஜன்னல் என்று பெயருக்குக்கூட ஒன்று கிடையாது. தெருப் பக்கம் பெரிய இரட்டைக் கதவு, அவ்வளவுதான். ஆந்திராவிலிருந்து மூட்டை மூட்டையாக வரும் வற்றல் மிளகாயைக் கொட்டி வைப்பார்கள். நாங்கள் பெண்கள் சுற்றிலும் உட்கார்ந்து காம்பு கிள்ளிக் கூடையில் போடுவோம். காம்பு கிள்ளிய மிளகாய் கப்பலேறும். கூடைக்கு இவ்வளவு என்று கூலி. நான் விடியற்காலையில் போய்க் கல்லூரி நேரம் வரைக்கும் கிள்ளுவேன், ஞாயிற்றுக்கிழமையென்றால் பொழுது சாயும்வரை.

முதல் நாள் நான் தும்மிய தும்மலில் என் பக்கத்திலிருந்தவளின் குவியலே கலைந்துபோயிற்று. எல்லாரும் சிரித்தார்கள். முந்தானையால் மூக்கை இறுக்கிக் கட்டக் கற்றுக்கொண்டேன். வீட்டுக்கு வந்ததும் தண்ணீரில் கை கழுவக் கூடாது, முதலில் எண்ணெய் தேய்க்க வேண்டும் என்பதைக் கை எரிந்து கற்றுக்கொண்டேன். கண்ணுக்கு மட்டும் ஒரு வழியும் இல்லை. மிளகாய்த் தூள் காற்றிலேயே மிதந்தது. உள்ளே உட்கார்ந்திருந்த அத்தனை பேருக்கும் கண் கோவைப்பழமாகச் சிவந்து நீர் வழிந்துகொண்டே இருக்கும். அந்த வேலையை நான் வெறுத்தேன். ஒரு நாள்கூடப் பிடித்துப் போகவில்லை. உழைப்பு மனிதனை உயர்த்தும் என்று யாராவது மேடையில் பேசினால் இப்போதும் எனக்கு மூக்கு அரிக்கிறது.

ஆனால் அந்தக் கிடங்கில் ஒரு வழக்கம் இருந்தது. அதைச் சொல்லாமல் போனால் அந்தப் பெண்களுக்கு நியாயம் செய்தவளாக மாட்டேன். அங்கே யாரும் யாரையும் "ஏன் அழறே?" என்று கேட்க மாட்டார்கள். புளியந்தோப்பிலிருந்து வந்த ஒருத்திக்குக் கைக்குழந்தை செத்துப்போயிற்று. காரியம் முடிந்த கையோடு வேலைக்கு வந்துவிட்டாள். வீட்டில் மாமியார் எதிரில் அழ முடியாதாம். இங்கே வந்து மடியில் மிளகாயைப் போட்டுக்கொண்டு காலை முழுக்க அழுதாள். யாரும் நிமிர்ந்து பார்க்கவில்லை. அவள் கூடை நிரம்பாமல் இருந்ததைக் கண்டு ஆளுக்கு ஒரு கை அள்ளிப் போட்டார்கள். சாயங்காலம் சிவந்த கண்ணோடு வீட்டுக்குப் போனால் மாமியார் மிளகாய் என்றுதானே நினைப்பாள்.

இன்னொரு வழக்கமும் உண்டு. கதவை ஒட்டி, காற்று வரும் இடத்தில் ஒருத்தி உட்காரலாம். அங்கே நெடி அவ்வளவாக இராது. அந்த இடம் முழுகாமல் இருக்கிறவளுக்கு மட்டும். வயிற்றில் பிள்ளையோடு இப்படித் தும்மினால் ஆகுமா? அதனால் நாள் தள்ளிப்போன சேதியை ஒருத்தி மேஸ்திரி அம்மாளிடம் சொன்னதும் அவள் வாசலுக்கு வந்துவிடுவாள். மேஸ்திரி வியாசர்பாடிக்காரி. பெருத்த உடம்பு, அதைவிடப் பெருத்த குரல். எங்கள் எல்லாருக்கும் அக்கா. தெருவில் போகும் வண்டிக்காரர்களுக்கும் இந்த இடத்தின் சங்கதி தெரியும். வாசலில் புது முகம் தெரிந்தால் தெருவுக்கே நல்ல சேதி போய்விடும்.

கல்லூரியில் என் கண்ணைப் பார்த்தவர்களுக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்? முதலில் தமிழ் வகுப்பில் எனக்கு நல்ல பேர் வந்தது. சோகப் பாட்டு நடத்தும்போது கண்ணீர் விடும் மாணவி என்று தமிழாசிரியை என்னைப் பார்த்துப் பார்த்தே பாடம் நடத்தினார். நானும் மறுக்கவில்லை. பிறகு ஊரில் மெட்ராஸ் ஐ பரவியது. பக்கத்தில் உட்காரும் பெண் ஒருநாள் பெஞ்சின் மறுகோடிக்கு நகர்ந்தாள். மறுநாள் அடுத்த பெஞ்சுக்கே போய்விட்டாள். ஆங்கிலம் நடத்தும் மிஸ் என்னை எழுப்பி நிறுத்தினார்.

"கண்ணில் என்ன?"

"மிளகாய், மிஸ்."

"தினமுமா? உங்கள் வீட்டில் சமையலுக்கு ஆள் இல்லையா?"

வகுப்பு சிரித்தது. எனக்கு வந்த கோபத்தில் வாயை இறுக மூடிக்கொண்டேன். எங்கள் வீட்டில் சமைக்கவே ஒன்றும் இல்லாத நாட்கள் உண்டு என்று அந்தப் பெண்கள் எதிரில் சொல்வதைவிட மெட்ராஸ் ஐ மேல் என்று தோன்றியது. மிஸ் கெட்டவர் இல்லை. மற்றவர்களுக்குத் தொற்றிவிடுமே என்ற கவலை அவருக்கு. "குணமானதும் வா" என்று வீட்டுக்கு அனுப்பிவிட்டார். குணமாக வேண்டுமானால் மண்டிக்குப் போகக் கூடாது. மண்டிக்குப் போகாவிட்டால் டிராமுக்கு வழியில்லை. சில நாள் போவேன், திருப்பி அனுப்புவார்கள். இரண்டு மாதம் இப்படியே போயிற்று. வருகை நாட்கள் குறைந்துகொண்டே வந்தன. இன்னும் குறைந்தால் பரீட்சைக்கு உட்கார முடியாது என்று ஆபீசில் கூப்பிட்டுச் சொன்னார்கள்.

ஒரு வருஷம் போனால் எனக்குக் கல்லூரியே போய்விடும். அம்மாவின் அண்ணன், என் மாமா, துறைமுகத்தில் சரக்கு தூக்கும் விஞ்ச் ஓட்டுபவர். எங்கள் குடும்பத்தில் கடைசி வார்த்தை அவருடையது. "ஒரு தபா தவறுனா போதும், அப்பால கல்யாணந்தான்" என்று நான் சேரும்போதே சொல்லி வைத்திருந்தார்.

அக்காவிடம் போய், நின்றுவிடுகிறேன் என்றேன். விஷயத்தைக் கேட்டுக்கொண்டாள்.

"வாசலாண்ட இப்ப யார்னா கீறாளா? எடம் சும்மாதானே கெடக்குது. நீ போய் அங்க குந்து. ஒரு வாரம் காத்து பட்டா கண்ணு தெளிஞ்சிடும்."

எனக்கு முன்னால் எத்தனையோ வருஷமாக நெடியில் இருந்தவர்கள் ஒருத்திகூட முணுமுணுக்கவில்லை. அந்த இடத்தில் உட்கார்ந்தால் தெருவில் என்ன அர்த்தம் என்பது எங்களில் ஒருத்திக்கும் உறைக்கவில்லை. எங்களுக்குத்தான் நான் யார் என்று தெரியுமே. கண் தெளிந்தது. மிஸ் என் முகத்தை உற்றுப் பார்த்துவிட்டு வருகையைக் குறித்தார். தமிழாசிரியைக்கு மட்டும் கொஞ்சம் ஏமாற்றம். நான் சந்தோஷமாக இருந்தேன். நாள் கணக்கைக் கூட்டிப் பார்த்தேன், இனி ஒருநாளும் தவறாவிட்டால் பரீட்சை எழுதிவிடலாம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மாமா வந்தார். உட்காரச் சொன்னால் உட்காரவில்லை. என்னை ஏறிட்டும் பார்க்கவில்லை. அம்மாவிடம்தான் பேசினார்.

"ஆர்பர் பூரா சிரிக்குது. உன் பொண்ணு மண்டில எந்த எடத்துல குந்திகினு கீறான்னு தெரியுமா உனக்கு? நம்ம குப்பத்து வண்டிக்காரன் ரெண்டு கண்ணால பாத்துட்டு வந்து சொல்றான்."

எனக்கு அப்போதுதான் புரிந்தது.

"காத்துக்காவத்தான் அங்க குந்துறேன் மாமா. கண்ணு எரியுது, காலேஜுல..."

"காலேஜு. அங்க போனதாலதான் இந்த நெலமை. நாளையிலேர்ந்து காலேஜும் கெடையாது, மண்டியும் கெடையாது. மீஞ்சூர்ல ஒரு எடம் கீது. பேசி முடிச்சிடறேன்." சொல்லிவிட்டு அம்மாவைப் பார்த்தார். "நீ இன்னா சொல்றே?"

அம்மா மீன் கூடையைக் கவிழ்த்துப் போட்டுத் தேங்காய் நாரால் தேய்த்துக்கொண்டிருந்தாள். மாமா போன பிறகும் தேய்ப்பதை நிறுத்தவில்லை. ஆனால் ஒரே ஒரு முறை, நான் விளக்கேற்ற எழுந்தபோது, என் வயிற்றைப் பார்த்தாள். பார்த்துவிட்டு உடனே பார்வையைத் திருப்பிக்கொண்டாள். மாமா பேசியதெல்லாம் எனக்குப் பெரிதாகப் படவில்லை. அந்த ஒரு பார்வையை என்னால் தாங்க முடியவில்லை. எத்தனை வருஷம் ஆனாலும் அதை நினைத்தால் மனசு கசக்கிறது. தாயானாலும் அவளும் அந்தத் தெருவில் வாழ்கிறவள்தான் என்று சமாதானம் சொல்லிக்கொள்கிறேன்.

மறுநாள் விடியும்போது அம்மா கரைக்குப் போகவில்லை.

"எழுந்துரு. மண்டிக்குப் போவணும், நானும் வர்றேன்" என்றாள்.

வழியெல்லாம் அவள் முன்னால் நடந்தாள். சண்டை போடப் போகிறாள் என்று நினைத்தேன். மீன்காரி சண்டை என்றால் சும்மாவா? கிடங்கு வாசலில் அக்கா நின்றிருந்தாள். அம்மா அவளிடம் கேட்டது ஒன்றுதான்.

"இவ குந்துற எடம் எது?"

அக்கா கையைக் காட்டினாள். அம்மா புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு அந்த இடத்தில் சப்பணம் போட்டு உட்கார்ந்தாள். ஒரு குவியலைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு, என்னையும் பக்கத்தில் உட்காரச் சொன்னாள். புருஷன் செத்து நாலைந்து வருஷமான பொம்பளை, நெற்றியில் பொட்டு இல்லாமல், முழுகாமல் இருக்கிறவளின் இடத்தில் உட்கார்ந்திருந்தாள். உள்ளே அத்தனை கையும் நின்றுவிட்டது.

வெயில் ஏறும்போது வண்டிகள் வர ஆரம்பித்தன. எங்கள் குப்பத்து ஆளும் வந்தார். அம்மாவைப் பார்த்ததும் மாட்டை இழுத்துப் பிடித்தார். அம்மா நாலு தெருவுக்குக் கேட்கும் தன் மீன்காரிக் குரலை எடுத்தாள்.

"இன்னா நைனா பாக்குறே? நானுந்தான் முழுவாம கீறேன். ஆர்பர்ல எங்கண்ணன் இருப்பாரு, போய்ச் சொல்லு. பெத்தா பேரு வைக்கக் கூப்புடறேன்னு சொல்லு."

முதலில் சிரித்தது அக்காதான். பிறகு கிடங்கே சிரித்தது. எதிர்க் கடைக்காரர்கள் சிரித்தார்கள். அந்த மனிதர் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு வண்டியை ஓட்டிப் போனார். அதற்குள் உள்ளேயிருந்து தலை நரைத்த ஒருத்தி எழுந்து வந்து, எனக்கும் நாள் தள்ளிப்போச்சு என்று அம்மாவை ஒட்டி உட்கார்ந்தாள். இன்னும் இரண்டு பேர் வந்தார்கள். "இனிமேட்டு யாரு நெஜமா முழுவாம கீறான்னு எனக்கே தெரியாது. பெரிய பேஜாராப் போச்சு" என்று அக்கா அலுத்துக்கொண்டாள். மாமா அதற்குப் பிறகு மீஞ்சூர்ப் பேச்சை எடுக்கவே இல்லை.

எல்லாரும் சிரித்து ஓய்ந்தபோது அம்மா மட்டும் குனிந்தபடி கிள்ளிக்கொண்டிருந்தாள். பழக்கமில்லாத கை. மிளகாய்க் கையாலேயே கண்ணைத் துடைத்திருக்கிறாள். இரண்டு கன்னத்திலும் நீர் கோடாக வழிந்தது. வாசலில் அவ்வளவு நெடி கிடையாது என்பது எனக்குத் தெரியும். அந்த இடத்தில் அத்தனை நாள் உட்கார்ந்தவள் நான். ஆனாலும் கிடங்கின் வழக்கத்தை நானும் மீறவில்லை.

"காலேஜுக்கு நேரமாவுது, நீ கெளம்பு. கூடைய நான் ரொப்புறேன்" என்றாள் தலை நிமிராமல்.

"உனக்குக் கண்ணு எரியும்மா."

"எரிஞ்சா எரியட்டும். என் கண்ணு செவந்தா என்னை யாரும் வூட்டுக்கு அனுப்ப மாட்டாங்க. நீ போ."

டிராமில் ஏறி உட்கார்ந்ததும் எனக்கு அழுகை வந்தது. ஓரமாகத் திரும்பிக்கொண்டு கல்லூரி வரைக்கும் அழுதேன். எவ்வளவு அடக்கிப் பார்த்தும் நிற்கவில்லை. வகுப்புக்குள் நுழைந்ததும் பெஞ்சிலிருந்த பெண் பழையபடி நகர்ந்தாள். மிஸ் வருகை குறிக்கும் பேனாவை மூடிவிட்டு என்னை நிற்க வைத்தார்.

"மறுபடியும் கண் சிவந்திருக்கிறதே. மெட்ராஸ் ஐதானா?"

"இல்லை மிஸ். அழுதேன்."

அவர் பேனாவைத் திறந்தார்.

"அழுகைதானே? அது யாருக்கும் ஒட்டாது, உட்கார்" என்று என் பெயருக்கு நேரே வருகையைக் குறித்துக்கொண்டார்.