பெட்டிக்குள் இன்னொரு மூச்சு

பங்காரம்மா பெரியநாயக்கன்பாளையத்துக்காரி. புருஷன் போன பிறகு அண்ணன் வீட்டு அடுப்படியில் காலம் தள்ளப் பிடிக்காமல் நர்ஸ் படிப்புக்குப் போனாள். கோயமுத்தூரில் ஓர் ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்தது. பிணத்துக்கும் பயப்படமாட்டாள், பெரிய டாக்டருக்கும் பயப்படமாட்டாள் என்று வார்டில் பேசிக்கொள்வார்கள். ஐம்பத்தெட்டாம் வருஷம் அவளும் பயந்தாள்.

அது இளம்பிள்ளை வாதம் பரவிய வருஷம். கை கால் விழுந்தால் பிழைக்கலாம்; நெஞ்சு விழுந்தால் மூச்சு நின்றுவிடும். அதற்காகவே ஆஸ்பத்திரியில் ஒரு பெட்டி செய்து வைத்திருந்தார்கள். ஆள் நீளத்துக்குத் தேக்குப் பலகைப் பெட்டி. உடம்பு உள்ளே, தலை மட்டும் வெளியே, கழுத்தைச் சுற்றி ரப்பர் பட்டை. கால்மாட்டில் தோல் துருத்தி. மோட்டார் துருத்தியை இழுத்தால் உள்ளே கிடக்கும் பிள்ளையின் நெஞ்சு விரியும், விட்டால் அடங்கும். டாக்டர் சுந்தரராஜுலு படம் போட்டுக் கொடுத்தார். மில் ஃபிட்டர் வெள்ளியங்கிரி மோட்டாரையும் துருத்தியையும் பூட்டினார். ஆஸ்பத்திரித் துணிகளைத் தைக்கும் ஹபீபுன்னிசா கார் ட்யூபை வெட்டிக் கழுத்துப் பட்டை தைத்தாள்.

அதில் முதலில் கிடந்தவன் குமாரசாமி என்ற பையன். அதிலேயே செத்தும் போனான். பெட்டியைக் கழுவித் துடைத்து, அடுத்து வள்ளியைப் படுக்க வைத்தார்கள். பல்லடம் பக்கத்துத் தோட்டக்காரர் வீட்டுப் பிள்ளை, ஏழு வயசு.

பெட்டி மூச்சை வெளியே விடும்போதுதான் வள்ளியால் பேச முடியும். அதனால் பேச்சு துண்டுதுண்டாக வரும். சில வாரம் கழித்து, ஒரு மத்தியானம் பங்காரம்மா கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தபோது சொன்னாள்:

"சிஸ்டர்... உள்ளுக்குள்ள... இன்னொருத்தரும்... மூச்சு உடறாங்க."

பங்காரம்மா காது கொடுத்தாள். துருத்தி இழுத்தது, விட்டது. அடுத்த இழுப்புக்கு முந்திய சின்ன இடைவெளியில், கழுத்துப் பட்டையோரம் 'உஸ்' என்று ஒரு காற்று. பெட்டிக்குள்ளிருந்து வெளியே வந்தது. அவளுக்குக் கை மயிர் குத்திட்டு நின்றது. ஆனாலும் கரண்டியைக் கீழே வைக்கவில்லை.

வள்ளியின் அம்மா தெய்வாத்தாளுக்கும் அது கேட்டுவிட்டது. குமாரசாமிதான், செத்த பையன் துணைக்குக் கூப்பிடுகிறான் என்று முடிவே கட்டிவிட்டாள். வெள்ளிக்கிழமை பிள்ளையை வீட்டுக்குக் கொண்டுபோவதாகச் சொன்னாள். பெட்டியை விட்டு எடுத்தால் பிள்ளை ஆஸ்பத்திரி கேட்டைத் தாண்டாது என்றார் டாக்டர். தெய்வாத்தாள் துணிமூட்டையைக் கட்டினாள்.

சத்தம் நின்றால் அம்மாக்காரி அடங்குவாள் என்று பங்காரம்மா நினைத்தாள். ஆளாளுக்குத் தனியாகப் போய்ச் சொன்னாள். துருத்தியில் ஏதோ சத்தம் என்றதும் வெள்ளியங்கிரி மோட்டாரின் புல்லிச் சக்கரத்தை மாற்றி வேகத்தைக் கூட்டினார். பட்டையில் காற்று கசிகிறது என்றதும் ஹபீபுன்னிசா இறுக்கித் தைத்துக் கொடுத்தாள். பிள்ளை மிரள்கிறாள் என்றதும் டாக்டர் தூக்க மருந்து எழுதினார். அவரவர் வேலையில் ஒரு குறை சொல்ல முடியாது. சத்தமும் நின்றது.

வள்ளி வாடத் தொடங்கினாள். உதடு சாம்பல் பூத்தது. கஞ்சி இறங்கவில்லை, பேச்சும் போயிற்று. குமாரசாமியும் கடைசியில் இப்படித்தான் ஆனான் என்பது பங்காரம்மாவுக்கு ஞாபகம் வந்தது.

வியாழக்கிழமை, டாக்டரிடம் கேட்டுக் காலை மருந்தை நிறுத்தி வைத்தாள். மத்தியானம் மூன்று பேரையும் ஒன்றாக வரவழைத்தாள். அந்தப் பெட்டியைச் சுற்றி அவர்கள் சேர்ந்து நின்றது அதுதான் முதல் தடவை.

"என்னுங்க சிஸ்டர், பொண்ணு பாக்க வந்தாப்புல நிக்க வெச்சுட்டீங்க," என்றார் வெள்ளியங்கிரி. மாப்பிள்ளை முதலில் கை எண்ணெயைக் கழுவட்டும் என்றாள் ஹபீபுன்னிசா. குறை மோட்டாரிலா, பட்டையிலா, பிள்ளையின் நெஞ்சிலா என்று பேச்சு வளர்ந்துகொண்டிருக்கையில் கரண்ட் போயிற்று.

மோட்டார் அடங்கியது. துருத்தி தொங்கியது. கையால் இழுக்கிற பிடியை நோக்கி வெள்ளியங்கிரி பாய்ந்தார். அதற்குள் 'உஸ்'.

தெய்வாத்தாள் சுவரோடு ஒட்டிக்கொண்டாள். "அவந்தானுங்க," என்றாள்.

"கொஞ்சம் பொறுங்க, கை வெக்காதீங்க," என்றாள் பங்காரம்மா.

"என்ற மிஷினு நின்னுபோச்சுங்க. இது அதுல வர்ற சத்தமில்லீங்க," என்றார் வெள்ளியங்கிரி.

பட்டையில் விரல் வைத்திருந்த ஹபீபுன்னிசா, காற்று வெளியேதான் தள்ளுகிறது என்றாள். பெட்டியின் கண்ணாடி ஜன்னலில் முகத்தைப் பதித்திருந்த டாக்டர், நெஞ்சு ஏறுகிறது என்று முணுமுணுத்தார். பங்காரம்மா வள்ளியின் மூக்கையே பார்த்துக்கொண்டிருந்தாள். மூக்குத் துவாரம் விரிந்து அடங்கியது.

நாலு பேர் கண்டதும் ஒன்று சேர்ந்தபோதுதான் விளங்கிற்று. நெஞ்சு தானாக விரிந்தால் பெட்டிக்குள் இடம் குறையும். காற்று பட்டை வழியாகத்தான் வெளியேற வேண்டும். வள்ளி பயந்தது அவளுடைய மூச்சுக்கே. திரும்பி வந்த அந்த மூச்சை ஒருவர் வேகத்தாலும், ஒருத்தி இறுக்கத்தாலும், ஒருவர் மருந்தாலும் அமுக்கியிருந்தார்கள். ஏவிவிட்டவள் பங்காரம்மா.

"உங்க புள்ளயோட மூச்சுங்க அம்மணி," என்றாள் தெய்வாத்தாளிடம். "அவனுது இல்லீங்க."

வெள்ளியங்கிரி கைப்பிடியை இழுக்கத் தொடங்கினார். கொஞ்ச நேரம் கழித்துத் தெய்வாத்தாளும் வந்து கை கொடுத்தாள்.

அன்றிலிருந்து யாரும் அந்தப் பெட்டியில் தனியாகக் கை வைக்கவில்லை. டாக்டர் நெஞ்சைப் பார்த்துச் சொல்ல, ஃபிட்டர் வேகம் குறைப்பார், ஹபீபுன்னிசா பட்டையைத் தளர்த்துவாள், பங்காரம்மா உதட்டு நிறத்தைப் பார்த்துப் போதும் என்பாள். ஐப்பசி மழைக்கு முன்னால் வள்ளி இடது கை சூம்பிய குறையோடு பல்லடம் பஸ் ஏறினாள்.

அதற்கப்புறம் ஒருநாள், காலிப் பெட்டியைக் கழுவிக் காயவைத்து, நாலு பேரும் ஓட்டிப் பார்த்தார்கள். காற்று போகாமலிருக்க, கழுத்துத் துவாரத்தில் கழுத்துக்குப் பதிலாக ஒரு ஜாடியைச் செருகியிருந்தார்கள். எல்லாம் சரியாக ஓடியது. வெள்ளியங்கிரி மோட்டாரை நிறுத்தினார். துருத்தி தொங்கி ஓய்ந்தது.

'உஸ்'.

ஹபீபுன்னிசா பட்டையிலிருந்து விரலை வெடுக்கென்று எடுத்தாள். டாக்டர் ஜன்னல் வழியே பார்த்தார். மடிப்புக் கலையாத வெள்ளை விரிப்பு மட்டும் கிடந்தது. இந்தத் தடவை யாரும் காரணம் சொல்லவில்லை.

"குமாரசாமிக்கும் இந்தச் சத்தம் வந்துச்சா, சிஸ்டர்?" என்று டாக்டர்தான் கேட்டார்.

"தெரியாதுங்க. அவனுக்கு யாரும் மோட்டாரை நிறுத்திப் பாக்கலீங்க."

பங்காரம்மா ஜாடியை உருவிக் கழுவப் போட்டாள். வேலையை விட்ட நாள் வரைக்கும், பெட்டியில் ஆளில்லாத நேரத்தில் அந்தத் துவாரத்தை மூட அவள் யாரையும் விடவில்லை. கேட்டால், மூடி வைத்தால் ரப்பர் நாறும் என்பாள்.