நாலாவது தட்டுக்குக் கடைசி இடம்

மைக் செட் வைத்துப் பிழைப்பவனுக்கு முதலாளி ஒருவர் இல்லை. பாட்டு காதில் விழுகிற அத்தனை பேரும் முதலாளிதான். இந்தத் தொழிலில் காதையும் மானத்தையும் பறிகொடுத்த சகோதரர்களே, நான் சொல்வது உங்களுக்குப் புரியும். எழுபதுகளில் காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் ஒலிபெருக்கிக் குழாய் கட்டிக்கொண்டிருந்தவன் நான்.

கார்டு வந்தது

கூரம் கோதண்டம் நாற்று நடவிலும் கூத்திலும் பாடிப் பேர் வாங்கியவர். எல்லாப் பாட்டும் அவரே கட்டியது. ஐம்பது வயதுக்கு மேல் என்ன தோன்றியதோ, கிட்டாரும் டிரம்மும் சேர்த்துக்கொண்டு ஐந்து இசைத்தட்டுகள் கொண்டுவந்தார். ஐந்தும் என்னிடம் இருந்தன. அதில் நாலாவது என்றால் எனக்கு உயிர். டிரம் கிடையாது, ஒரு கிட்டார், அவர் குரல், நடுவில் ஒரு இருமல்.

ஆடி மாதம் அம்மனுக்குக் கூழ் வார்க்கும் அன்று பாட வரச்சொல்லித் தெருவின் சார்பில் அவருக்கு எழுதினேன். பதில் கார்டு வந்தது. அதில் இப்படி எழுதியிருந்தார்: "ஐந்தையும் ஞாபகம் வைக்க மண்டையில் இடமில்லை. தெருவைக் கேட்டு வரிசை போட்டு வையும். முதலில் வருவதை முதலில் பாடுவேன். கடைசியில் வருவதை இனி இந்த ஜன்மத்தில் பாடமாட்டேன்."

சாய்ந்த கோபுரம்

முதலில் ஏகாம்பரம் வீட்டுக்குப் போனேன். நல்ல நெசவாளி, பொல்லாத வாய். தறிக்குழியில் காலை விட்டுக்கொண்டு, நிமிர்ந்துகூடப் பார்க்காமல் தீர்ப்புச் சொன்னார். இரண்டாவது தட்டுக்குத்தான் முதல் இடமாம். ஏனென்றால் அதன் தாளம் அவர் மிதிக்கு ஒத்துவருகிறதாம்.

"பாட்டு எப்படிண்ணே?" என்றேன். பாட்டா, அதை யார் கேட்டார்கள் என்பது போலப் பார்த்தார். அப்புறம்தான் மூன்றாவது தட்டின் ஞாபகம் வந்து அவருக்குக் கோபம் பொங்கியது. அதில் டிரம் தலைதெறிக்க ஓடும். நான் அதைப் போட்ட அன்று, இவர் காலும் கூடவே ஓடி, கோபுரக் கரை போட்ட கல்யாணப் புடவை ஒன்று கெட்டுப்போனதாம்.

"நீ பாட்டுக்கு தட்டப் போட்டுட்ட. அந்தப் பொண்ணு முகூர்த்தத்துல உக்காந்துக்கினு இருக்குது, கரையில கோபுரம் அத்தினியும் சாஞ்சிக்கினு நிக்குதுபா!"

சின்ன காஞ்சிபுரத்துத் தீர்ப்பு

நம் தெருவுக்குள்ளேயே கேட்டால் ஓரவஞ்சனை என்பார்களே என்று, ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவரைப் பார்க்கச் சின்ன காஞ்சிபுரம் போனேன். பெருமாள் கோயில் பக்கம் வீடு. எங்கள் குழாய்ச் சத்தம் அங்கே வரை போகும் என்பது அவர் முகத்தைப் பார்த்ததும் தெரிந்தது. இருந்தாலும் மரியாதையாக உட்காரவைத்து மோர் கொடுத்தார்.

ஐந்தாவது தட்டுதான் உத்தமம் என்றார். டிரம், கிட்டார், கைதட்டல் எல்லாம் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து இரைகிற தட்டு அது. இந்த மனுஷருக்கு அதில் என்ன பிடித்தது என்று திகைத்துப் போய்க் காரணம் கேட்டேன்.

"அது ஒண்ணுலதான் ஓய், அவன் என்ன பாடறான்னே காதுல விழலை."

இடுப்பு வலி

வீடு வீடாகக் கேட்டதில் நாலாவதுக்குக் கடைசி இடம் உறுதியாகிக்கொண்டே வந்தது. எனக்குத் தாங்கவில்லை. இந்தத் தெரு எத்தனை தரம் கேட்டு வாங்கிய தட்டு அது! தறியில் நீளவாட்டில் கட்டிய நூல், அதாவது ஒரு பாவு, தீர்ந்தால், பழைய நூலின் நுனியோடு புதுப் பாவின் நூலை, சாம்பல் தொட்டு, கட்டைவிரலால் ஒவ்வொரு இழையாக முறுக்கிச் சேர்க்க வேண்டும். ஆயிரக்கணக்கான இழை. அன்றைக்குத் தறிச் சத்தம் இருக்காது. "மெதுவாப் பாடறதாப் போடுபா" என்று ஆள் அனுப்புவார்கள். நானும் நாலாவதைத்தான் போடுவேன்.

ஆகவே கொஞ்சம் திருட்டுத்தனம் செய்தேன். மூன்று நாள் விடாமல் நாலாவதையே போட்டு ஜனங்களின் மனதைக் கரைக்கப் பார்த்தேன். மூன்றாம் நாள் சரோஜா வந்தார். புருஷனுக்குச் சமமாகத் தறியில் உட்காருகிறவர். கையில் துடைப்பம் இருந்ததால் நான் கடைக்குள்ளேயே நின்றுகொண்டேன்.

"அத நிறுத்துறியா இல்லியா? ஏன்னே தெரியல, அது காதுல வுழுந்தாலே எனக்கு இடுப்பு நோவுதுபா!"

கூழ் வார்த்த அன்று

கோதண்டம் வந்தார். வேட்டி, துண்டு, தோளில் கிட்டார். கடைப் பலகையில் நான் சாக்கட்டியால் எழுதியிருந்த வரிசையைப் படித்தார். அடியில் "நாலாவது" என்பதைப் பார்த்ததும் அவர் முகம் வாடிவிட்டது. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

"ஏம்மா, அது மட்டும் ஏன் ஆவல?" என்று சரோஜாவைக் கேட்டார். "இடுப்பு நோவுதுங்க, கட்டவெரல் எரியுது. பாவு பிணைக்கிறாப்பலயே இருக்குதுங்க" என்றார் சரோஜா.

கோதண்டம் விழுந்து விழுந்து சிரித்தார். அவர் பெண் எடுத்தது நெசவுக்காரர் வீட்டில். ஒரு முறை மாமனார் அவரைப் பாவு பிணைக்க உட்காரவைத்துவிட்டாராம். அந்த நோவில் கட்டிய பாட்டுகள்தான் நாலாவது தட்டில் இருப்பவை. "அப்போ பாட்டு சரியாத்தான் வந்திருக்குது. ஆனா, பாடமாட்டேன்னு எழுதிக் குடுத்துட்டேனே" என்றார்.

சரோஜா என் பக்கம் கையை நீட்டினார். கார்டைக் கொடுத்தேன். கொண்டுபோய்க் கூழ்ப்பானை அடுப்பில் போட்டுவிட்டு வந்து, "இன்னிக்கு எங்க கை சும்மாத்தான் இருக்குது. வேலை இல்லாம ஒரு தபா கேட்டுப் பாக்கறோம், பாடுங்க" என்றார்.

பாடினார். இருமலும் அதே இடத்தில் வந்தது. ஜனங்களைப் பார்த்தேன். அத்தனை பேர் மடியிலும் கட்டைவிரல் ஆள்காட்டி விரலைத் தேய்த்துக்கொண்டிருந்தது, இல்லாத நூலை முறுக்கிக்கொண்டு. ஏகாம்பரம் தன் கையையே முறைத்துப் பார்த்தார்.

"முழுப் பாவும் பிணைச்சிட்டேன்பா, இன்னொரு தபா பாடச் சொல்லு!"

பலகையில் நாலாவது தட்டு இன்றைக்கும் கடைசி இடத்தில்தான் இருக்கிறது, ஆனால் ஊசி பட்டுத் தேய்ந்துபோய் நான் இரண்டாம் தரம் வாங்க நேர்ந்த தட்டு அது ஒன்றுதான்.