வீரையா நிறுத்திய சண்டை

கவுஞ்சியில் யாருக்குக் காது குத்தினாலும், யார் செத்தாலும் மைக்செட்டு வீரையாதான். இலங்கைத் தேயிலைத் தோட்டத்து லயக் குடியிருப்பிலிருந்து சிறுபிள்ளையாய் வந்தவர். கேரட் வயலில் கூலிக்குப் போனார், மைக்செட்டு வாங்கினார், மகன் பாலகுமாரைப் பட்டாளத்துக்கு அனுப்பினார். வரலாற்றுப் புத்தகத்தையும் இவ்வளவு சுருக்கமாக எழுதியிருந்தால் நான் பாஸாகியிருப்பேன். கொள்கை என்று அவருக்கு ஒன்றே ஒன்று உண்டு: மைக்கைத் தட்டக் கூடாது.

எல்லையில் சண்டை மூண்டதும் எங்கள் ஊர்த் தலைவர் முருகவேலுக்கு வீரம் மூண்டது. பஸ் நிற்கும் இடத்தில் கூட்டம் போட்டார். சண்டை தொடங்கியதிலிருந்து பாலகுமாரிடமிருந்து போன் இல்லை. வீரையா ஒரு கையை ஆம்ப்ளிபயர் மீதும் மறு கையைச் சட்டைப்பையிலிருந்த செல்போன் மீதும் வைத்தபடி உட்கார்ந்திருந்தார்.

"இது தர்ம யுத்தம். எதிரி மண்ணோடு மண்ணாகும்வரை ஓய மாட்டோம். வீட்டுக்கு ஒரு பிள்ளையை அனுப்புவோம்!" தலைவர் மைக்கை ஓங்கித் தட்டினார். அவர் வீட்டுப் பிள்ளை வட்டக்கானலில் காட்டேஜ் நடத்துகிறான். சீசன் நேரம், பாவம், எப்படிப் போவான்?

"மைக்கத் தட்டாதீங்க தலைவரே," என்றார் வீரையா.

"மைக்கு பெருசா, நாடு பெருசாய்யா?"

"நாடு எல்லாத்துக்கும் பொதுங்க. மைக்கு என்னுது."

கூட்டம் சிரித்தது. தலைவருக்கு ஆவேசம் கூடியது. "சமாதானம் பேசுகிறவன் துரோகி" என்று முடிப்பதற்குள் டீக்கடை ஆண்டிச்சாமி ஓடிவந்தார்.

"ஏலே வீரையா, சண்டைய நிப்பாட்டிட்டாங்களாம். டிவில ஓடுது."

வீரையா போய்த் தலைவர் கையிலிருந்து மைக்கை வாங்கினார். பிடுங்கினார் என்றும் சொல்லலாம்.

"சண்டை நின்னுபோச்சாம். எல்லாரும் வீட்டுக்குப் போயி சாப்பிடுங்க."

தலைவர் ஒரு மிடறு சோடா குடித்தார். அவருக்கு அவ்வளவு நேரம் போதும். மைக்கைத் திரும்ப வாங்கிக்கொண்டார். "சமாதானமே என் மூச்சு. ஆரம்பத்திலிருந்து இதைத்தான் சொல்லிவருகிறேன்." அதே குரல், அதே நீட்டிய விரல். கண்ணில் தண்ணீர்கூட வந்தது. சத்தியமாக அவர் நடிக்கவில்லை. இரண்டையும் நம்பித்தான் பேசினார்.

அப்போது வீரையாவின் போன் அடித்தது. பாலகுமார்.

"கேக்கலடா, கொஞ்சம் இரு," என்று கம்பத்தில் கட்டிய ஸ்பீக்கர் குழாயைப் பார்த்தார். சமாதானம் காதைக் கிழித்துக்கொண்டிருந்தது. குனிந்து வயரைப் பிடுங்கினார்.

தலைவரின் வாய் மட்டும் அசைந்துகொண்டிருந்தது.

"இப்பச் சொல்லு. என்னா சாப்பிட்ட?"

வீட்டுக்குப் போகக் கிளம்பிய கூட்டம் அப்படியே நின்றது. பாலகுமார் என்ன சாப்பிட்டான் என்று தெரியாமல் ஒருவரும் கலையவில்லை.